ஹைட்டியில் 2% காடுதானா?

ஒரே தீவு, நடுவில் எல்லைக்கோடு. ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் பச்சை. ‘ஹைட்டியில் 2% காடுதான் மிச்சம், பக்கத்து டொமினிக்கன் குடியரசோ ஒரு மரத்தைக்கூட இழக்கவில்லை’ என்ற வரியோடு ஒரு படம் சுற்றுகிறது. படம் உண்மைதான், நாசா வெளியிட்டது. ஆனால் அது எல்லையோரத்தின் ஒரு துண்டு. அதை வைத்து நாட்டையே எடைபோட முடியாது.

2% என்பது பழைய கணக்கு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு, ஹைட்டியில் மரப்பரப்பு கிட்டத்தட்ட 30% என்றது. சரி, 2018-இல் வந்த ஆய்வு 1 சதவீதத்துக்கும் கீழே என்கிறதே? அது ஆதிக்காட்டை, அதாவது ஒருபோதும் வெட்டப்படாத பழைய காட்டை மட்டும் எண்ணியது. அளந்த பொருளே வேறு. அங்கே அடுப்புக்கரிக்கு வெட்டும் மரங்களில் முக்கியமானது நம்மூர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் அதே சீமைக்கருவேல்தான். வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

டொமினிக்கன் பக்கமும் காடு அழியத்தான் செய்தது. அதனால்தான் 1967-இல் அரசு மரம் வெட்டத் தடை போட்டு, மர அறுவை ஆலைகளை மூடியது. அப்புறம் விறகுக்கும் கரிக்கும் பதிலாகச் சமையல் எரிவாயுவுக்கு மானியம் கொடுத்தது.