ஷெல்டர் இருக்கே, ஏன் போக மாட்டேங்கறாங்க?

நேத்து ஒரு குரூப்ல, சென்னையில பிளாட்பாரத்துல மழைக்கு தார்ப்பாய் இழுத்து மூடிக்கிட்டு படுத்திருந்த ஒரு குடும்பத்தோட போட்டோவ போட்டு, "கார்ப்பரேஷன் வீடில்லாதவங்களுக்கு காப்பகம் கட்டி வெச்சிருக்கு, கூப்பிட்டா வர மாட்டாங்க, இவங்களுக்கு இதான் பழகிப்போச்சு"ன்னு எழுதியிருந்தாங்க. கீழ ஆமாம் ஆமாம்னு அத்தனை பேர். தூங்கற மனுஷங்கள கேக்காம போட்டோ எடுக்கறதே தப்பு, அது ஒரு பக்கம். படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதறேன்.

நான் பிளாட்பாரத்துல படுத்திருக்கேன். பதினோரு ராத்திரி. அப்பாவ ஊர்ல இருந்து சென்னைக்கு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்தப்ப ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆம்பள அட்டெண்டர், அதாவது நோயாளிக்கு துணையா இருக்கற ஆம்பளைங்க, வார்டுல இருக்கக்கூடாதுன்னு வெளிய அனுப்பிட்டாங்க, லாட்ஜுக்கு காசில்ல, கேட்டுக்கு வெளிய ஒரு மூடுன கடை வாசல்ல செருப்ப தலைக்கு வெச்சு படுத்தேன். மொத நாளே அங்க இருந்த ஒரு அம்மா எழுப்பினாங்க. "தம்பி, ரோட்டு பக்கம் தலைய வெக்காத, வண்டி ஏறிடும். சொவுத்து பக்கம் வெச்சுக்கோ. துட்டு போன் எல்லாம் ஜட்டிக்குள்ள வெச்சுக்கோ"ன்னாங்க. அவங்க பொறந்ததே அந்தத் தெருவுலதானாம், அவங்க அம்மாவும் அங்கதான். பூ கட்டி விக்கறாங்க, வீட்டுக்காரர் மீன்பாடி வண்டி ஓட்டறார், பதினாலு வயசுல ஒரு பையன், அவனுக்கு கீழ ஒரு பொண்ணு.

ஷெல்டருக்கு போகலாமேம்மான்னு நானும்தான் கேட்டேன். நேத்து அந்த குரூப்ல கேட்டவங்க மாதிரியேதான் கேட்டேன். "போனோமே தம்பி. என்னையும் பொண்ணையும் லேடீஸ்ல சேத்துக்கறேன்றாங்க, பையன் பெரியவனாய்ட்டான் அவன் வேற எடம், அவுரு வேற எடம். நாலு பேர மூணு எடத்துல போட்டா அது இன்னா குடும்பம்? வண்டிய எங்க நிறுத்தறது? காலைல வந்து பாத்தா சக்கரம் கூட இருக்காது." விடிகாலை மூணு மணிக்கு பூ எடுக்க கோயம்பேட்டுக்கு கெளம்பணும், அந்த நேரத்துக்கு ஷெல்டர் கேட்ட தொறக்க சொல்லி யாரை எழுப்பறது? எல்லாத்துக்கும் மேல இடம். நாலு நாள் ஆள் இல்லன்னா அந்த பத்தடிய வேற யாராவது புடிச்சுடுவாங்க, பூ வாங்கற வாடிக்கையும் அதோட போச்சு.

இது பழக்கமா? இது கணக்கு. நம்ம வீட்ல ஒரு மாசச் செலவுக்கு போடற அதே கணக்கு.

இந்த ஷெல்டர் விஷயம் எங்க இருந்து வந்துச்சுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். 2009 டிசம்பர் குளிர்ல டெல்லி பூசா ரோடு ரவுண்டானா கிட்ட வீடில்லாதவங்க தங்கின கூடாரத்த அகற்றினாங்க, அதுக்கப்புறம் உயிர் போச்சுன்னு விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. அதுல இருந்துதான் 2010-ல பெரிய நகரங்கள்ல ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் பூரா, 24 மணி நேரமும் தொறந்திருக்கணும்னு உத்தரவு. 2013-ல வந்த மத்திய அரசோட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல ஆளுக்கு 50 சதுர அடின்னு கூட எழுதி வெச்சிருக்காங்க, ஸ்டேஷன் மார்க்கெட் பக்கத்துலயே இருக்கணும்னும் இருக்கு. குளிர்ல சாகாம காப்பாத்தறதுல தொடங்கின யோசனை இது. எனக்கு படறது என்னன்னா, சென்னையில ராத்திரி குளிர் ஆளக் கொல்லாது. இங்க வேணுங்கறது மழைக்கு ஒரு கூரை, பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ், மூட்டையும் ரேஷன் கார்டும் வெச்சுட்டு வேலைக்கு போக ஒரு பூட்டு. அந்த அம்மா ராத்திரி ஏழு மணிக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்க, கட்டண கழிப்பறைய பூட்டிடுவாங்கன்னு. பதினோரு நாளும் பாத்தேன், அது இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஷெல்டரே வேணாம்னு சொல்லல. தனியா இருக்கற வயசானவங்க, வீட்ட விட்டு வந்த பொண்ணுங்க, மனநலம் சரியில்லாதவங்க, இவங்களுக்கு அது உயிர். ஆனா தெருவுலயே மூணு தலைமுறையா வாழற குடும்பத்துக்கு குடும்பமா தங்கற இடம் வேணும், அதுவும் பொழப்பு இருக்கற இடத்துலயே. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு நகரத்துக்கு வெளிய வீடு குடுத்து அனுப்பினதுல, எத்தனை பேர் வேலைக்காக திரும்பவும் உள்ள வந்து படுக்க வேண்டியதா போச்சு. 2011 சென்சஸ்ல ஒரே ராத்திரி, பிப்ரவரி 28, எண்ணினதுலயே நாட்டுல 17.7 லட்சம் பேர் வீடில்லாதவங்க, அதுல பாதிக்கு மேல நகரத்துல. எண்ண வந்தவங்க டார்ச் அடிக்கறப்ப போலீஸோன்னு பயந்து நகந்து போனவங்க எத்தனை பேரோ. பிச்சைக்காரங்கன்னு வேன்ல ஏத்திட்டு போயிடுவாங்கங்கற பயம் அங்க எல்லாருக்கும் இருக்கு, பூ விக்கறவங்களுக்கும் இருக்கு.

இன்னொண்ணு, இத சொல்லாம விட முடியாது. ஆஸ்பத்திரி அட்டெண்டர்ஸ் தங்கறதுக்குன்னே காப்பகம் இருக்குங்கறது எனக்கு ஒன்பதாவது நாள்தான் தெரிஞ்சுது. உள்ள யாரும் சொல்லல, டீக்கடைக்காரர் சொன்னார். போய் கேட்டப்ப அன்னிக்கு இடமில்ல. சென்னையில சில அரசு ஆஸ்பத்திரிங்ககிட்ட இது இருக்கு, உங்க வீட்டு ஆளுங்கள யாரையாவது சேத்தீங்கன்னா மொத நாளே கேளுங்க, சாயங்காலத்துக்குள்ள போய் பேர் குடுங்க, கையில ஆதாரும் அட்மிஷன் சீட்டும் வெச்சுக்கோங்க.