ரோட்டா வைரஸின் வகை மாற்றமும் தடுப்பு மருந்தும்

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அந்த வைரஸ் ஓயாமல் உருமாறுவதால் தடுப்பு மருந்து பயனற்றுப்போகும் என்று கட்டுரையாளர் அஞ்சுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அதன் மரபுப்பொருள் 11 தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருப்பதால், குழந்தையின் ஒரே குடல் செல்லுக்குள் இரு வகைகள் நுழைந்துவிட்டால் துண்டுகள் இடம் மாறிப் புதிய கலப்பு வகை பிறக்கிறது என்பது உண்மைதான். ஆனால், ஜி1பி8 (ஜி, பி என்பவை வைரஸின் இரு வெளியுறைப் புரதங்களைக் குறிக்கும்) என்னும் ஒற்றை வகையிலிருந்து உருவான தடுப்பு மருந்து, வெளியுறைப் புரதங்கள் இரண்டிலும் அதிலிருந்து வேறுபட்ட ஜி2பி4 வகையால் வரும் கடும் வயிற்றுப்போக்கையும் கணிசமாகக் குறைத்திருக்கிறது. அந்த இரு புரதங்களை மட்டும் கொண்டு வகை பிரித்தால் மீதி ஒன்பது துண்டுகளில் நிகழும் மாற்றம் கண்ணில் படாது. ஆகவே, மல மாதிரிகளில் வைரஸின் முழு மரபணுத் தொகுதியையும் இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்பதையே கட்டுரை இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.