சேர்ப்பதைவிட எடுப்பது கடினம்

ஓய்வு பெறும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பணத்தை எந்த வேகத்தில், எதிலிருந்து எடுத்துச் செலவழிப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஓய்வுகாலத் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது கேள்விதான்.

சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது பங்குச்சந்தை விழுந்தால் பதற வேண்டியதில்லை. விலை குறைந்திருக்கும்போது கூடுதலாக வாங்குகிறோம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற உடனே விழுந்தால் கதையே வேறு. முழுச் சேமிப்பும் பங்குகளில் இருக்கிறது, அதன் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டுச் செலவுக்கு 5 எடுத்தாயிற்று, மிச்சம் 95. சந்தை 30 சதவீதம் சரிந்தால் கையில் நிற்பது 66.5. அடுத்த ஆண்டும் செலவு அதே 5தான். ஆனால் இப்போது அது இருப்பில் ஏழரை சதவீதம். அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்ட பங்குகள், சந்தை மீண்டு எழும்போது நம்மிடம் இருக்காது. இதே சரிவு இருபதாவது ஆண்டில் வந்திருந்தால் இவ்வளவு அடி விழுந்திருக்காது. முப்பது ஆண்டுச் சராசரி லாபம் ஒன்றாகவே இருந்தாலும், நல்ல ஆண்டுகளும் கெட்ட ஆண்டுகளும் வரும் வரிசை மாறினால் ஒருவருடைய பணம் தீர்ந்துபோகிறது, இன்னொருவருடையது வளர்கிறது.

முதல் ஆண்டு மொத்தச் சேமிப்பில் 4 சதவீதம் எடுக்கலாம், பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்குமா என்றுதான் அவர் பார்த்தார். தொடக்கப் புள்ளியாக அது நல்லது. எந்த நாட்டுக்கும், எந்த வயதில் ஓய்வு பெறுபவருக்கும் பொருந்தும் என்று நம்புவதை நான் ஏற்கவில்லை.

இதைக் கேட்டதும், எல்லாவற்றையும் வங்கி வைப்பில் போட்டுவிட்டால் நிம்மதி என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் அதிக பயம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். 60 வயதில் ஓய்வு பெற்றவருக்கு 84 வயதில் அதே வாழ்க்கைக்கு நான்கு மடங்கு பணம் வேண்டும். மருத்துவச் செலவு தனி.

ஆகவே என் கருத்து இது: இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான பணம் பத்திரமான இடத்தில் இருக்கட்டும், சந்தை படுத்துக் கிடக்கும் ஆண்டுகளில் அதிலிருந்து மட்டும் எடுங்கள். மிச்சத்தில் ஒரு பகுதி பங்குகளில் வளரட்டும். கெட்ட ஆண்டில் பயணத்தையும் புது வாகனத்தையும் தள்ளிப்போட மனம் வேண்டும். அந்தச் சிறு சிக்கனம் சேமிப்பின் ஆயுளைப் பல ஆண்டுகள் கூட்டும்.

மொத்தத் தொகை கணக்கில் ஏறிய வாரமே யாராவது ஒரு திட்டத்தோடு வந்து நிற்பார். உறவினராகவே இருந்தாலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். இதில் அவருக்கு எவ்வளவு கமிஷன், இடையில் வெளியேறினால் எவ்வளவு பிடித்தம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் திட்டத்தில் ஒரு காசும் போட வேண்டாம்.