இதுவா மரம் வெட்டும் லட்சணம்?
மழைக்காலம் நெருங்கினால் போதும், எங்கள் தெருவில் மரம் வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள். தலைக்கவசம் இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முருங்கையில் ஏறி, தான் நிற்கும் கிளையிலேயே அரிவாளைப் போடுகிறார் ஒருவர். முருங்கைக் கிளை படக்கென்று முறியும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியுமே! கையெட்டும் தூரத்தில் மின்கம்பி; மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கீழே கயிறு பிடிப்பவனோ மீசை முளைக்காத பையன், மரம் சாயும் பக்கத்திலேயே நிற்கிறான்.

பெரிய மரமென்றால் சாய வேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவில் வெட்டி, பிறகு எதிர்ப்பக்கம் அறுக்க வேண்டும். இவர்கள் ஒரே பக்கம் அறுத்துவிட்டு, “தள்ளுப்பா!” என்கிறார்கள். போன தடவை வேம்பு பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்தது. கூலியில் மிச்சம் பிடித்த வீட்டுக்காரர் இன்னும் அதைக் கட்டித்தரவில்லை.