நாலே முக்கால் கிலோ காற்று

பெரியம்மா: நான் வந்துவிட்டேன் தம்பி. மாந்தோப்பு வரப்பைத் தாண்டி, இரண்டு கிலோமீட்டர் நடந்து, நீ சொன்னபடியே நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இனி நீ எனக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சொல்.

தம்பி: நான் தர வேண்டுமா? நீங்கள்தான் பெரியம்மா 224 ரூபாய் தர வேண்டும். குக்கர் கேஸ்கட் 95, டெலிவரிக் கட்டணம் 119, பொருளைக் கொடுத்துவிட்டுக் கையில் பணம் வாங்குவதற்கான கட்டணம் 10.

பெரியம்மா: பணம் வாங்குவதற்கும் பணமா? வட்டி வசூலிக்க வருகிறவன்கூட இப்படிக் கேட்டதில்லை. அது இருக்கட்டும். 119 ரூபாய் எதற்கு?

தம்பி: ஓசூர்க் கிடங்கிலிருந்து பொருளை உங்கள் வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்கு.

பெரியம்மா: இது யாருடைய வாசல்?

(தம்பி தேநீர்க் கடையின் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கடைக்காரர், அது தம்முடையதுதான் என்பதை உறுதிப்படுத்தும் வகையில் தலையை அசைத்தார்.)

தம்பி: உங்கள் வீட்டுக்கு வரும் பாதையில் கருங்கல் ஜல்லியைக் கொட்டிவிட்டு ரோலர் ஓட்டாமல் போய்விட்டார்கள், பெரியம்மா. போன வாரம்தான் அங்கே டயர் பஞ்சர் ஆனது. இன்னும் 43 பார்சல்கள் கையில் இருக்கின்றன. இந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் எல்லோருமே இங்கே வந்துதான் வாங்கிக்கொள்கிறார்கள்.

பெரியம்மா: அப்படியானால் அவர்கள் எல்லோருக்கும் நீ பாக்கி வைத்திருக்கிறாய்.

தம்பி: கணக்கு அப்படியில்லை. லாரியில் ஆயிரம் பெட்டிகள் ஒன்றாக வருவதால், டீசல், சுங்கக் கட்டணம், ஓட்டுநர் சம்பளம் எல்லாவற்றையும் பெட்டிக்கு இத்தனை என்று பங்கிட்டால் சொற்பமாகத்தான் வரும். செலவெல்லாம் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு ஓர் ஆள், ஒரு வண்டி, ஒரு தெரு. வீடு பூட்டியிருந்தால் மறுநாளும் அதே அலைச்சல். கடைசி மைல்தான் காசைத் தின்கிறது என்று எங்கள் மேலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்.

பெரியம்மா: உங்கள் மேலாளர் உண்மை பேசுகிறவராகத் தெரிகிறது. அந்தக் கடைசி மைலை இன்றைக்கு நடந்தது யார்?

தம்பி: நீங்கள்.

பெரியம்மா: ஆக, காசைத் தின்னும் மைலை நான் நடந்துவிட்டு, காசைத் தின்னாத மைல்களுக்காக உனக்கு 119 ரூபாய் கொடுக்க வேண்டும்.

(இதே கடை வாசலில் போன மாதம் ஒரு பார்சலை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தவன் நான். எனக்கு ஏன் இந்தக் கேள்வி தோன்றவில்லை என்று யோசித்ததில் தேநீர் ஆறிப்போனது.)

தம்பி: பெரியம்மா, தூரம் மட்டும் கணக்கில்லை, எடையும் கணக்கில் சேரும். லேபிளைப் பாருங்கள், 4.8 கிலோ என்று போட்டிருக்கிறது.

பெரியம்மா: என்ன, 4.8 கிலோவா? நான் கேட்டது ஒரு கேஸ்கட். அது 50 கிராம் இருக்கும். மீதியை வழியில் யார் எடுத்துக்கொண்டது?

தம்பி: யாரும் எதையும் எடுக்கவில்லை. உள்ளே கேஸ்கட் மட்டும்தான் இருக்கிறது.

பெரியம்மா: உள்ளே ஒன்றுதான் இருக்கிறது என்று நீயே ஒப்புக்கொள்கிறாய், லேபிள் 4.8 கிலோ என்கிறது. நான் இங்கேயே, இவர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கேட்கிறேன். மீதி நாலே முக்கால் கிலோ எங்கே?

தம்பி: அது காற்று, பெரியம்மா.

பெரியம்மா: என்ன சொன்னாய்?

தம்பி: பெட்டியின் நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 20. மூன்றையும் பெருக்கினால் 24,000. அதை 5,000ஆல் வகுத்தால் 4.8. கூரியர்காரர்கள் இதைக் கன அளவு எடை என்கிறோம். உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். தலையணை எடையில்லாத பொருள் என்றாலும், பத்துத் தலையணை ஏற்றினால் வண்டி நிரம்பிவிடுகிறது அல்லவா? இடத்தை அடைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு.

பெரியம்மா: தலையணைக்கு இந்தக் கணக்கு நியாயம்தான், நான் மறுக்கவில்லை. தலையணை தன் சுபாவத்தினால் இடத்தை அடைக்கிறது. இந்தக் கேஸ்கட்டோ ஓர் உறைக்குள் போட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கூடிய பொருள். இதை இவ்வளவு பெரிய பெட்டியில் போட்டது நானா?

தம்பி: கிடங்கில் சின்னப் பெட்டி தீர்ந்துபோயிருக்கும்.

பெரியம்மா: கிடங்கில் அட்டைப் பெட்டி தீர்ந்ததற்குக் காவேரிப்பட்டணத்தில் நான் அபராதம் கட்டுகிறேன். சரி, பணம் கொடுத்து வாங்கிய காற்றையாவது ஒழுங்காகக் கொடு. பெட்டியைத் திறந்ததும் அது பறந்துவிட்டால் பொருள் குறைகிறது என்று நான் யாரிடம் புகார் செய்வது? காற்றுக்கு ரிட்டர்ன் உண்டா?

தம்பி: ரிட்டர்ன் உண்டு, பெரியம்மா. பொருளின் விலை திரும்ப வரும். டெலிவரிக் கட்டணம் மட்டும் வராது.

பெரியம்மா: காற்றில் போட்ட பணம் அல்லவா, எப்படி வரும்? எங்கள் தோட்டத்துப் பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்குக் கொண்டுபோனால், முதலில் கிரேட்டோடு எடை போட்டு, பிறகு காலி கிரேட்டின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பணம் தருகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. கிரேட்டை யாரும் கூழாக்க முடியாது. ஆனால் விற்கப் போனால் காலிப் பெட்டியைக் கழிக்கிறீர்கள், வாங்க வந்தால் காலிப் பெட்டியைக் கூட்டுகிறீர்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு விதமான கழித்தல் கணக்கு எப்படி நடக்கிறது?

தம்பி: நீங்கள் 499 ரூபாய்க்கு ஆர்டர் போட்டிருந்தால் டெலிவரி இலவசமாகவே வந்திருக்கும். இன்னும் 404 ரூபாய்க்கு ஏதாவது சேர்த்திருக்கலாம்.

பெரியம்மா: 119 ரூபாயை மிச்சம் பிடிக்க 404 ரூபாயைச் செலவழிக்கும் புத்தி எனக்கு இருந்திருந்தால், மாந்தோப்பு எப்போதோ கைமாறியிருக்கும். எதிர் வீட்டு மருமகள் அப்படித்தான் இலவசமாக வரவழைத்தாள். வெங்காயம் நறுக்கும் கருவி மூன்று இருக்கின்றன, வெங்காயம்தான் இல்லை. அந்த இலவச டெலிவரியில் வண்டி தண்ணீரில் ஓடுகிறதா?

தம்பி: இல்லை, பெட்ரோலில்தான் ஓடுகிறது.

பெரியம்மா: பிறகு அந்தப் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது? கருவியின் விலைக்குள் இருக்கிறது. அவளிடம் சொல்லாமல் வாங்குகிறார்கள், என்னிடம் சொல்லி வாங்குகிறார்கள். அந்த ஒரு மரியாதைக்காக உங்கள் நிறுவனத்தை நான் பாராட்டுகிறேன். ஆனால் பொருளைப் பார்க்கும்போது 95 என்று காட்டி, முகவரி எழுதியதும் 119ஐச் சேர்த்து, கடைசிப் பொத்தானை அழுத்தும் நேரத்தில் இந்தப் பத்து ரூபாயைக் காட்டியிருக்கிறார்கள். இப்படித் துளித்துளியாக விலையை ஏற்றுவதை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், வாங்குபவரை ஏமாற்றும் 13 தந்திரங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று சட்டம் படிக்கும் என் பேத்தி சொன்னாள். நுகர்வோர் புகாருக்கான 1915 என்ற எண்ணுக்குப் பேசச் சொன்னாள்.

தம்பி: பேசுங்கள் பெரியம்மா, எனக்கு ஆட்சேபம் இல்லை. 224ஐ மட்டும் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

பெரியம்மா: பொறு. இந்தப் பெட்டி எந்த வழியாக வந்தது என்று உன் கைப்பேசியில் இருக்குமே, அதைப் படி.

தம்பி: ஓசூரில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து சேலம். சேலத்தில் பிரித்துக் கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரியிலிருந்து இன்று காலை என்னிடம் கொடுத்தார்கள்.

பெரியம்மா: ஓசூரிலிருந்து சேலத்துக்கு உங்கள் லாரி எந்தச் சாலையில் போகிறது?

தம்பி: இதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான்.

பெரியம்மா: என் கண் முன்னால் ஒருமுறை தெற்கே போய், தொப்பூர்க் கணவாயில் ஏறி இறங்கி, சேலத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் என் கண் முன்னால் வடக்கே போய், மூன்றாவது முறையாக உன்னோடு தெற்கே வந்திருக்கிறது. முதல் தடவையே நான் கையை நீட்டியிருந்தால் ஓட்டுநர் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுப் போயிருப்பார். ஓசூரின் அஞ்சல் குறியீட்டு எண் 635109, எங்களுடையது 635112. முதல் மூன்று எண்களும் ஒன்றே. 635இலிருந்து 635க்கு வருவதற்குச் சேலத்து 636க்குப் போய் வந்த பெட்டிக்கு, அந்தச் சுற்றுலாச் செலவும் என் தலையில்தானே விழுகிறது?

தம்பி: பெரியம்மா, எல்லாப் பெட்டியையும் ஒரே இடத்தில் குவித்துப் பிரித்தால்தான் மொத்தச் செலவு குறையும்.

பெரியம்மா: யாருக்குக் குறையும்?

(தம்பி பதில் சொல்லவில்லை. கடைக்காரர் அவனுக்கும் ஒரு தேநீரை நீட்டினார்.)

பெரியம்மா: என் வீட்டுக்காரர் கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுத்தவர். அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். 1854க்கு முன்பு கடிதத்துக்கும் தூரத்தைப் பார்த்துத்தான் கட்டணம் வாங்கினார்களாம். அந்த ஆண்டு, எவ்வளவு தூரமானாலும் அரையணா என்று ஒரே கட்டணமாக்கிவிட்டார்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்த ஆறு இலக்க எண்ணையும் அஞ்சல் துறைதான் கொண்டுவந்தது. அதைத்தான் நீங்கள் எல்லோரும் வாடகை கொடுக்காமல் லேபிளில் அச்சிட்டுக்கொள்கிறீர்கள். இன்றைக்கும் ஞான் போஸ்ட் என்ற திட்டத்தில் 300 கிராம் புத்தகத்தை 20 ரூபாய்க்கும், 5 கிலோ புத்தகத்தை 100 ரூபாய்க்கும், வரி தனியாக, நாடு முழுவதும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உங்களுக்கு 5 கிலோ காற்றைக் கொண்டுவருவதற்கே 119 ஆகிறது.

தம்பி: அது புத்தகத்துக்கு மட்டும் அரசாங்கம் கொடுக்கும் சலுகை, பெரியம்மா. கேஸ்கட்டில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

பெரியம்மா: கேஸ்கட்டில் ஒன்றுமில்லை. உன் பில்லில் நிறைய இருக்கிறது.

தம்பி: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள் அல்லவா? கூலி எப்போதும் அதிகமாகத்தான் இருந்திருக்கிறது.

பெரியம்மா: நல்ல இடத்தில் நல்ல பழமொழியைச் சொன்னாய். அந்தச் சுண்டைக்காய் மூட்டையைச் சுமந்தவன் கைக்கு முக்கால் பணம் போய்ச் சேர்ந்தது, கண்ணு. இந்த 119இல் உன் கைக்கு எவ்வளவு வருகிறது?

தம்பி: எனக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. இந்தக் கூட்டல் கணக்கெல்லாம் எனக்குக் கிடையாது. பெட்டி பெரிதானாலும் சிறிதானாலும் அதே தொகைதான். பெட்ரோலும் பஞ்சரும் என்னுடையவை. நீங்கள் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதுவும் வராது.

பெரியம்மா: அதாவது, என்னிடம் பணம் வாங்கும்போது காற்றுக்குக்கூட எடை போடுகிறார்கள். உனக்குப் பணம் கொடுக்கும்போது ஆளுக்கே எடை போடுவதில்லை.

தம்பி: அப்படியும் சொல்லலாம்.

பெரியம்மா: வேறு எப்படிச் சொல்வதாம்? இந்தா, 224. சரியாக எண்ணிக்கொள். எண்ணுவதற்குத்தான் தனியாகப் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

(தம்பி எண்ணினான். பெட்டியை அவர் கையில் கொடுத்தான். பெரியம்மா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கேஸ்கட் ஓடிய சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு அவர் நேராகப் போய் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார்.)

தம்பி: பெரியம்மா, வண்டியில் ஆள் ஏற்றுவதற்கு எங்கள் நிறுவனத்தில் அனுமதி கிடையாது.

பெரியம்மா: நான் ஆளாக ஏறவில்லை. இந்தப் பெட்டியில் நாலே முக்கால் கிலோ குறைகிறது; அதற்கு ஈடாக நான் வருகிறேன். என் எடை 52 கிலோ. கூடுதலாக இருப்பதை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள். வாசல் வரைக்கும் என்று பணம் வாங்கியிருக்கிறீர்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறேன், நீ வண்டியை ஓட்டு. ஜல்லி இல்லாத பாதை ஒன்று தோப்புக்குள் இருக்கிறது, காட்டுகிறேன்.

(வண்டி கிளம்பும் நேரத்தில் தம்பியின் கைப்பேசி அலறியது. ஓட்டிக்கொண்டே பேச முடியாததால் அதை எடுத்துப் பின்பக்கம் நீட்டினான். இருநூறு அடி தூரம் வரைக்கும் பெரியம்மாவின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.)

பெரியம்மா: ஆமாம், பார்சல் தம்பியின் கைப்பேசிதான். இல்லை, அவர் உங்கள் வீட்டுக்கு இப்போது வர முடியாது, வாசல் டெலிவரிக்காகப் போய்க்கொண்டிருக்கிறார். நீங்கள் நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைக்கு நடந்து வந்துவிடுங்கள். தூரமெல்லாம் ஒன்றுமில்லை. நான் நடக்கவில்லையா?