யூட்டா பீர்: 3.2 கணக்கு பழைய கதை

"அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 3.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரை விற்கவே முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது சரியல்ல.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். 3.2 என்பது எடைக் கணக்கு. 1933-இல் மதுவிலக்கு முடிவுக்கு வரும் தறுவாயில் அமெரிக்க நாடாளுமன்றம் வகுத்த அளவு அது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது; எனவே எடையில் 3.2 என்றால் கொள்ளளவில் ஏறத்தாழ 4 சதவீதம். புட்டிகளில் நாம் வழக்கமாகக் காண்பது கொள்ளளவுக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "தண்ணீர் பீர்" என்று கேலி செய்வது நெடுநாள் வழக்கம்!

அந்த வரம்பும் இப்போது இல்லை. 2019 நவம்பர் 1 முதல் யூட்டாவின் மளிகைக் கடைகளில் எடையில் 4, அதாவது கொள்ளளவில் 5 சதவீதம் வரையுள்ள பீரை விற்கலாம். அதற்கு மேற்பட்டதும் தடைசெய்யப்படவில்லை. அதை அரசு மதுக்கடைகளில் வாங்கலாம். ஓக்லஹோமா 2018-லும் கன்சாஸ் 2019-லும் தங்கள் விதிகளைத் தளர்த்தியதால், 3.2 பீருக்கான சந்தை சுருங்கியது. யூட்டா மனம் மாற அதுவும் ஒரு காரணம். மினசோட்டா மளிகைக் கடைகளில் மட்டும் பழைய வரம்பு நீடித்தது. தகவலை எழுதியவர் மாநிலத்தை மாற்றிப் போட்டுவிட்டாரோ என்னவோ.

யூட்டா சட்டமன்ற இணையதளத்தில் 2019-ஆம் ஆண்டின் செனட் மசோதா 132-ஐத் தேடினால் சட்ட வாசகம் கிடைக்கும். அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.