வாசனையை மட்டும் வைத்து வேலையைப் பறிக்கலாமா?

அதிகாலைப் பணிக்கு வரும் பேருந்து ஓட்டுநரின் வாயில் மது வாசனை அடித்தால், அன்று அவரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மது இருந்தாலே, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி அது குற்றம். ஆனால் அன்றைக்கு வண்டி தராமல் இருப்பது வேறு. அவருடைய பிழைப்பையே பறிப்பது வேறு.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் உள்விசாரணையில் சக ஓட்டுநர் ஒருவருக்கு உதவியாக நான் உட்கார்ந்திருந்தேன். மது வாசனை வந்தது, தள்ளாடினார் என்ற ஒரு வரியும் மேற்பார்வையாளரின் கையெழுத்தும்தான் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் இருந்தன. ரத்தப் பரிசோதனை எடுக்கப்படவில்லை. கருவியில் ஊதச் சொன்னதற்கான சீட்டும் இல்லை. வாசனை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறிய பேச்சு ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒருவர் குடித்திருந்தார் என்று உறுதியாக முடிவுகட்ட முடியாது என்று, 1971இல் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதை எடுத்துக் காட்டினேன். அது குற்றவியல் வழக்கு, உள்விசாரணைக்கு அவ்வளவு கறாரான சான்று தேவையில்லை என்று நிர்வாகம் பதிலளித்தது. சட்டப்படி அந்த வாதத்துக்கு இடமுண்டு. இருந்தாலும், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று எடுத்திருக்கக்கூடிய ஒரு பரிசோதனையை எடுக்காமல் விட்டுவிட்டு, பதினெட்டு ஆண்டுப் பணியை ஒரு வரியில் முடித்ததை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

அவர் குடிப்பவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு ஓராண்டு முன்பே அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்து, எப்படியாவது சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று அழுதிருக்கிறார். அது குடும்ப விஷயம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இதை உடல்நலப் பிரச்சினையாகவே கருதி, தண்டனைக்கு முன் சிகிச்சைக்கு வழிசெய்ய வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996லேயே நெறிமுறை வெளியிட்டது. ஆகவே நான் கேட்பது இதுதான்: முதல் முறை பிடிபட்டால் உடனே பரிசோதனை, ஓட்டும் பணியிலிருந்து விலக்கு, சிகிச்சைக்கு விடுப்பு, திரும்பி வந்தபின் ஓராண்டுக் கண்காணிப்பு என்பவற்றை நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகளிலேயே எழுதிவைக்க வேண்டும். சிகிச்சையை மறுத்தவரையும், மீண்டும் குடித்துவிட்டு வண்டியில் ஏற முயன்றவரையும் அதன் பிறகு பணிநீக்கம் செய்தால், தொழிற்சங்கக்காரனாகிய நானே எதிர்த்துப் பேச மாட்டேன்.